வெட்சி: ஈசுவரன் பெயர் பூண்ட செடி

திருக்கோயில் நந்தவனங்களிலும் வீட்டு முற்றங்களிலும் கொத்துக் கொத்தாகச் செம்பூப் பூத்து நிற்கும் ஒரு செடியை எம் இளைஞருட் பலர் ‘இக்சோரா’ என்று அழைக்கின்றனர். பூங்கன்று விற்போரும் அப்பெயரைச் சொல்லியே விற்கின்றனர். பெயர் பிறநாட்டு ஒலியுடையதாதலின், செடியும் பிறநாட்டிலிருந்து வந்ததே என்று எண்ணுவோர் உளர். உண்மை இதற்கு நேர்மாறானது. தென்னிந்தியாவும் இலங்கையுமே இதன் தாயகம். இதன் தமிழ்ப் பெயர் வெட்சி. ‘இக்சோரா’ என்பதோ, சைவராகிய நாம் நாள்தோறும் ஓதும் ஈசுவர நாமம் கடல் கடந்து, உருமாறித் திரும்பி வந்த வடிவமாகும். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், இச்செடியை எம் மண்ணில் வளர்க்கும் முறையையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

பழந்தமிழ் நூல்களில் வெட்சி

தமிழர் நிலத்துக்கு மட்டுமன்றிப் போருக்கும் பூவின் பெயரையே இட்டனர். தொல்காப்பியப் புறத்திணையியலில் முதற்கண் வைக்கப்பட்ட திணை வெட்சி. பகைவர் நாட்டு ஆனிரையைக் கவர்ந்து வருதல் அத்திணையின் பொருள். அதற்குச் செல்லும் வீரர் வெட்சிப் பூவைச் சூடிச் செல்வர். ஆனிரை கவர்தலைப் பழைய உரைகாரர் வெறும் களவாகக் கொள்ளவில்லை. போர் தொடங்குமுன் பசுக்களைப் போர்க்களத்தினின்று அகற்றிக் காத்தலாகவே அதனை விளக்கினர். கவர்ந்தவற்றைப் பேணுதலும் அத்திணையின் பாற்பட்டதே. ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையும் வெட்சிப் படலத்தையே முதலாகக் கொண்டது. தொல்காப்பியத்தார் குறிஞ்சி என்னும் அகத்திணைக்கு வெட்சியைப் புறனாக வைத்தனர். குறிஞ்சி நிலத்துக்குரிய தெய்வம் முருகன் என்பதை நாம் மறத்தலாகாது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தொடுத்துத் தந்த மலர் வரிசையில் வெட்சியும் ஒன்று. நக்கீரர் பெயரால் வழங்கும் திருமுருகாற்றுப்படையிலே, முருகனைப் பாடும் சூரரமகளிர் தம் கூந்தலில் அணியும் பூக்களுள் வெட்சி இடம்பெறுகின்றது. அங்கே புலவர் அதன் சிவந்த காம்பையும் சிறிய இதழையும் குறித்தே பாடுகின்றார். செடியை அருகிருந்து பார்த்தவர்க்கன்றி அவ்வடை தோன்றாது. பின்வந்த அருணகிரிநாதர் முருகப்பெருமானுக்குச் சூட்டும் செச்சை மாலையும் வெட்சி மாலையே. ‘செச்சை’ என்பது இச்செடியின் மறுபெயர் என நிகண்டுகளும் அகராதிகளும் கூறும். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் வேறொரு நாட்டிலே இதனை மீண்டும் சந்திப்போம்.

வெட்சித் திணையின் இலக்கணம் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்ததிலே யாழ்ப்பாணத்தாருக்கும் பங்குண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் 1885 ஆம் ஆண்டில் அச்சிட்டு உலகுக்கு அளித்தவர், சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். செல்லரித்த ஏடுகளை அவர் தேடித் தொகுத்திராவிடின் வெட்சி என்னும் சொல்லின் பெருமை எமக்கு எட்டியிருத்தல் அரிது.

ஒல்லாந்தர் ஏட்டில் ஏறிய பூ

இனி நாம் பதினேழாம் நூற்றாண்டுக்குச் செல்வோம். 1621 ஆம் ஆண்டிலே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பு டி ஒலிவேறாவினால் இடித்துத் தகர்க்கப்பட்டது. 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டது. சைவர் வெளிப்படையாகப் பூசை செய்ய இயலாத அக்காலத்திலேதான், சைவ நாமம் ஒன்று ஐரோப்பிய நூல்களுக்குள் நுழைந்தது.

ஒல்லாந்தரோடு யாழ்ப்பாணம் வந்தவர்களுள் பல்தேயு பாதிரியார் ஒருவர். அவர் 1658 தொடக்கம் 1665 வரை இங்கு சமயப்பணி செய்தார். 1672 இல் அமிஸ்ரடாமில் அச்சாகிய அவருடைய நூல் மலையாளம், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய நாடுகளையும், அங்குள்ள மக்களின் சமயத்தையும் விரித்துரைப்பது. அந்நூலிற் சிவபெருமான் ‘இக்சோரா’ என்றே எழுதப்பட்டுள்ளார். சமயப் பகுதியின் பெரும்பாகம் அவர் தாமே ஆராய்ந்து எழுதியதன்று. பெனிசியோ என்னும் யேசுசபைக் குரவர் மலையாள நாட்டிலிருந்து போர்த்துக்கேய மொழியில் எழுதி வைத்த ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது. இதனை அறிஞர் சார்ப்பாந்தியர் 1933 இல் அம்மூல ஏட்டைப் பதிப்பித்துக் காட்டினார்.

‘இக்சோரா’ என்னும் எழுத்துக்கூட்டலின் மறைபொருளும் இங்கேதான் உள்ளது. நாம் இன்று ஆங்கில வழக்கைப் பின்பற்றி ‘க்ச’ என்று ஒலிக்கும் அவ்வெழுத்து, போர்த்துக்கேய மொழியில் ‘ஷ’ என ஒலிக்கும். ஆகவே அவர்கள் எழுதியது ‘இஷோரா’. ஈசுவரன் என்னும் பெயரை மலையாளக் கரை மக்கள் வாயிலிருந்து கேட்டுத் தம் செவிக்குப் பட்டவாறு எழுதினர். ஒல்லாந்தர் அதனை எழுத்து மாற்றாது எடுத்துக்கொண்டனர். எழுத்து நிலைத்தது, ஒலி மறைந்தது.

அதே காலத்திலே கொச்சியில் ஒல்லாந்தர் தலைவராக 1670 தொடக்கம் 1677 வரை இருந்தவர் ஹென்றிக் வான் றீடு. மலையாள நாட்டு மரஞ்செடிகளின் வளத்தையும் மருத்துவப் பயனையும் கண்டு, அவற்றையெல்லாம் படத்துடன் நூலாக்க முனைந்தார். ‘மலபார்த் தோட்டம்’ என்னும் பொருளுடைய இலத்தீன் பெயரால் 1678 தொடக்கம் 1693 வரை 12 பாகங்களாக அமிஸ்ரடாமில் வெளிவந்த அப்பெருநூலில் எழுநூற்றுக்கு மேற்பட்ட செடிகள் இடம்பெற்றன. அந்நூலின் அறிவு ஐரோப்பியருடையதன்று. ஈழவர் குலத்து மருத்துவரான இட்டி அச்சுதன் தம் முன்னோர் வழிவந்த ஏட்டறிவை எடுத்துரைத்தார். இரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் துணைபுரிந்தனர். இந்நால்வரின் சான்றுரைகளும் 1675 ஆம் ஆண்டுத் திகதியுடன் முதற் பாகத்திலே அச்சாகியுள்ளன. அச்சுதனார் தம் தாய்மொழியிலேயே கையொப்பமிட்டார்.

1679 இல் வெளிவந்த இரண்டாம் பாகத்திலே எமது செடி வருகின்றது. அங்கே அதற்கு இடப்பட்ட பெயர் ‘செத்தி’. மலையாளத்தார் இன்றும் அதனைச் செத்தி என்றும் தெச்சி என்றும் வழங்குவர். அருணகிரியார் பாடிய செச்சைக்கும் மலையாளத்துச் செத்திக்கும் உள்ள உறவு எவர்க்கும் எளிதிற் புலனாகும். முருகன் மாலைக்குரிய பெயரே அமிஸ்ரடாமிலும் அச்சேறியது.

வான் றீடு பின்னர் ஒல்லாந்தக் கும்பனியின் ஆணையாளராகி இலங்கைக் காரியங்களையும் மேற்பார்த்தார். 1690 இல் நல்லூரிலே கிறித்தவ உபதேசிமாரைப் பயிற்றும் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டது அவருடைய ஏற்பாட்டினாலேயே. முருகன் கோயில் அழிந்து கிடந்த ஊரிலே பிறசமயக் கல்லூரி நாட்டியவரும், முருகனுக்குரிய பூவை உலகறியச் செய்தவரும் ஒருவரே என்பது வரலாற்றின் விந்தை.

பெயர் நிலைத்த வரலாறு

இலங்கையிலும் அதே காலத்தில் ஒருவர் செடிகளைத் தொகுத்துக்கொண்டிருந்தார். ஒல்லாந்தக் கும்பனியின் மருத்துவராகக் கொழும்பில் 1672 தொடக்கம் ஏறத்தாழ ஐந்தாண்டு பணிபுரிந்த போல் ஹேர்மன் என்பார், இந்நாட்டுச் செடிகளை உலர்த்தித் தாள்களில் ஒட்டி எடுத்துச் சென்றார். அவர் 1695 இல் இறந்தபின் அத்தொகுதி கைமாறிச் சென்று, 1744 இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் பார்வைக்கு வந்தது. அதனை ஆதாரமாகக் கொண்டே அவர் 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஆறாண்டு கழித்து, 1753 இல், உலகச் செடிகளுக்கெல்லாம் இருசொற் பெயர் வகுத்த பெருநூலிலே வெட்சிக்கு ‘இக்சோரா கொக்சினியா’ என்னும் பெயரை நிலைநாட்டினார். பின்னது செந்நிறமுடையது என்னும் பொருளது. முன்னது, மலையாள நாட்டார் இம்மலரால் வழிபட்ட தெய்வத்தின் பெயரென்று தாவர நூலார் எழுதிவைத்துள்ளனர். ஹேர்மன் தொகுதி இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிலே பேணப்படுகின்றது.

தாவர நூலார் வகுத்த விதிப்படி, முறையாக இடப்பட்ட பெயரை எவரும் விரும்பியவாறு மாற்றுதல் இயலாது. ஆகையால் எம்மொழியுடையாரும் பிறமொழியுடையாரும் இச்செடியை நூலில் எழுதுந்தோறும் சிவபெருமான் பெயரை எழுதுகின்றனர். முன்னொரு காலத்தில் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்த தென்னமெரிக்கச் சூரினாம் நாட்டிலே, காதற்கனல் என்னும் கருத்துடைய பெயரால் இம்மலரைத் தேசிய மலராகப் போற்றுகின்றனர். பூவின் புகழ் இத்துணைத் தூரம் பரவியிருக்க, பூ பிறந்த நாட்டிலே வெட்சி என்று சொன்னால் விளங்காத தலைமுறை ஒன்று வளர்ந்து வருகின்றது. இதுவே எம் கவலை.

செடியின் இயல்பு

வெட்சி கோப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலைகள் எதிரெதிராக, காம்பின்றித் தண்டைத் தழுவினாற்போல அமையும். நான்கு முதல் ஆறு அடி வரை செறிந்து வளரும். வெட்டாது விட்டால் பத்தடிக்கு மேலும் உயரும். ஒவ்வொரு பூவும் ஒன்றரை அங்குலம் அளவான மெல்லிய குழாயும், அதன் நுனியில் நான்கு கூரிய இதழும் உடையது. இத்தகைய பூக்கள் பல சேர்ந்து ஒரு கொத்தாகும். குழாயின் அடியில் தேன் உண்டு. நீண்ட உறிஞ்சியுடைய வண்ணத்துப்பூச்சிகளே அதனை எளிதில் அடைவன. அரும்பு விரியுமுன்பே மகரந்தம் வெளிப்பட்டுச் சூலகத் தண்டின் நுனியிலே படிந்துவிடும். பூச்சிகள் அதனை எடுத்துச் சென்றபின்னரே அந்நுனி இரண்டாகப் பிரிந்து பிறபூவின் மகரந்தத்தை ஏற்கும். தன் மகரந்தம் தன்னிடம் சேராதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. பழம் முதிர்ந்து கருஞ்சிவப்பாகும். புட்கள் அதனை உண்டு விதை பரப்பும்.

இன்று சாடிகளில் விற்கப்படும் குறுஞ்செடிகளுட் பல கலப்பினங்கள். மஞ்சள், இளஞ்சிவப்பு முதலிய நிறங்களும் உண்டு. சீன வெட்சி என்னும் வேறோர் இனத்தின் கலப்பும் அவற்றுள் உண்டு. அவை அழகுடையனவே, வெறுக்கத்தக்கன அல்ல. ஆயினும் எம் காட்டோரங்களிலும் பழைய கோயில் வளவுகளிலும் நின்ற, கூரிய இதழுடைய செவ்வெட்சி அவற்றால் மறைந்துபோதல் நன்றன்று. ஆகவே வளர்க்க விரும்புவோர் முதலில் பழஞ்செடி ஒன்றைத் தேடி அதனின்று கிளை எடுத்தல் வேண்டும்.

வளர்க்கும் முறை

விதையிலிருந்து வளர்த்தல் தாமதமாகும். கிளை நடுதலே இலகு. மிக இளசும் மிக முற்றலும் அல்லாத கிளையை ஐந்தாறு அங்குல நீளத்தில், கணுவின் கீழாக வெட்டுக. கீழிலைகளை நீக்கி, மேலிலைகளைப் பாதியாகக் கத்தரித்து, மணலும் தும்புத்தூளும் கலந்த கலவையில் நட்டு நிழலில் வைக்க. மேலே ஒளிபுகும் பொலித்தீன் உறை இட்டு ஈரம் காத்தால், ஆறு தொடக்கம் எட்டு வாரத்தில் வேர்விடும். நிலத்தை அண்டிய கிளையை வளைத்துப் பதியம் வைத்தலும் பழைய முறை. அதிற் சேதம் குறைவு.

வடபகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை தொடங்கியதும் கன்றை நிலத்தில் நடுதல் தக்கது. நாளொன்றுக்கு ஐந்தாறு மணிநேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் இலை செழிக்கும், பூ குறையும். வேலியாக நடுவோர் இரண்டு தொடக்கம் மூன்று அடி இடைவெளி விடுக.

யாழ்ப்பாணத்தார் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வெட்சி புளிப்புத்தன்மையுள்ள மண்ணை விரும்புவது. எம் குடாநாடோ சுண்ணாம்புக் கற்பாறை மீது அமைந்தது. கிணற்று நீரிலும் சுண்ணாம்பு மிகுதி. அத்தகைய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாது. அதனால் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். இதனை நீர்க்குறை என எண்ணி மேலும் மேலும் கிணற்று நீர் இறைப்பதால் நோய் கூடுமேயன்றிக் குறையாது.

இதற்குப் பரிகாரம் எம் கமக்காரர் கையிலேயே உண்டு. இரண்டடி ஆழ அகலமுடைய கிடங்கு தோண்டி, பூவரசங் குழையும் வேப்பங் குழையும் தாழ்த்தி, மக்கிய மாட்டெருவும் இலையுரமும் மேல்மண்ணுடன் கலந்து இட்டுச் சில வாரம் ஆறவிட்டு நடுதல் வேண்டும். அழுகும் குழை மண்ணின் காரத்தைத் தணிக்கும். அடியில் காய்ந்த இலைச்சருகு மூடி வைத்தால் ஈரமும் நிலைக்கும். சாம்பலும் சுண்ணாம்பும் இச்செடிக்கு ஆகா. வெள்ளையடித்த மதிலை ஒட்டியும், சீமெந்துக் கழிவு கொட்டிய இடத்திலும் நடலாகாது. மழைநீரைச் சேமித்து ஊற்றுதல் மிக நன்று. இவ்வளவு செய்தும் இலை மஞ்சளாயின், ஒரு லீற்றர் நீரில் ஐந்து கிராம் இரும்புச் சல்பேற்றுக் கரைத்து மாலை வேளையில் இலைமீது தெளிக்கலாம். மண்ணில் இட்டால் சுண்ணாம்பு அதனைப் பயனற்றதாக்கிவிடும்.

மலையகத்துத் தேயிலை மண் இயல்பாகவே புளிப்புடையது. ஆயினும் மிகுந்த குளிரில் செடி மெலியும். கொழும்பிலும் தென்மேற்கு நாட்டிலும் அது எளிதில் வளரும். மட்டக்களப்பு மணற்பாங்கில் எரு விரைவிற் கரைந்துபோவதால், சிறிது சிறிதாகப் பலமுறை இடுதல் வேண்டும்.

பூ, கிளையின் நுனியிலேயே தோன்றும். ஆதலால் அரும்பு கட்டும் காலத்தில் கத்தரித்தால் பூவை இழப்போம். ஒரு பூப்பு முடிந்தவுடன் அளவாக வெட்டுதலே முறை. செதிற்பூச்சியும் மாவுப்பூச்சியும் பற்றினால் இலைமேல் கரி படிந்தாற்போல் தோன்றும். சவர்க்கார நீரோ வேப்பெண்ணெய்க் கலவையோ தெளித்தால் போதும். பூசைக்குரிய செடியில் கடுநஞ்சு தெளித்தல் தகாது.

எமது கடன்

ஆறுமுக நாவலர் அவர்கள் சைவ வினாவிடையிலே கிரியைகளோடு நில்லாது, பத்திர புட்பங்களுக்கும் விதி கூறினார். பூவை வளர்த்தலும் பறித்தலும் தொடுத்தலும் வழிபாட்டின் புறத்தேயுள்ள வேலைகள் அல்ல, அவையும் தொண்டே. நந்தவனம் வைத்தல் சிவபுண்ணியம் என்று எம் பெரியோர் கருதியதும் இதனாலேயே. இன்றோ பல கோயில்களில் நந்தவனம் இருந்த இடத்திலே வாகனத் தரிப்பிடமும் மண்டபமும் எழுந்துள்ளன. 1995 ஐப்பசியில் வலிகாம மக்கள் ஒரே இரவில் ஊர்விட்டு நீங்கியபோதும், அதன்பின் பல்லாண்டு நிலங்கள் மூடப்பட்டுக் கிடந்தபோதும் அழிந்த பூஞ்செடிகளை எவரும் கணக்கிடவில்லை. மீண்டு வந்தோர் வீட்டையும் கிணற்றையும் முதலிற் செப்பனிட்டனர், அது முறையே. பூஞ்செடியின் முறை இன்னும் பல வளவுகளுக்கு வரவில்லை.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. முதியோர் தம் நினைவிலுள்ள பழஞ்செவ்வெட்சி நிற்கும் இடங்களைச் சொல்லட்டும். இளைஞர் அங்கிருந்து கிளை கொணர்ந்து வேர்விடச் செய்து, வரும் ஐப்பசி மழைக்குத் தத்தம் ஊர்க் கோயில் வளவில் நடட்டும். அருகே ஒரு சிறு பலகையில் வெட்சி, செச்சை, இக்சோரா என்னும் மூன்று பெயரையும் எழுதி வைக்கட்டும். அதனைப் படிக்கும் சிறுவன், தொல்காப்பியத்து வீரன் சூடிய பூவும், முருகன் மார்பில் மாலையாய பூவும், உலகத் தாவர நூல்களிலே ஈசன் பெயர் தாங்கும் பூவும் தன் கண்முன் நிற்கும் இச்செடியே என்று அறிவான். அவ்வறிவு அவனிடம் சேர்ந்தபின், இச்செடியை எவரும் அவனுக்கு அயல்நாட்டுச் செடியென்று விற்க முடியாது.